பழைய பிரேமுக்குப் புதுப் பெயின்ட்: முதலில் படத்தைக் காப்பாற்றுங்கள்



தீபாவளியோ பொங்கலோ நெருங்கினால் லயத்தில் சுண்ணாம்பு வாடை அடிக்கத் தொடங்கிவிடும். சுவருக்கு வெள்ளை, கதவுக்குப் பச்சை என்று வேலை நடக்கும். சாமிப் படம், குடும்பப் போட்டோ, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி இஸ்தோப்பில் சாத்தி வைப்போம். திரும்ப மாட்டப் போகும்போதுதான் பிரேம்களின் கோலம் கண்ணில் படும். அடுப்புப் புகை படிந்து கறுத்திருக்கும். மூலை விட்டிருக்கும். பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும்.

"கதவுக்கு அடிச்ச மிச்சம் இருக்குதானே, அதையே பிரேமுக்கும் அடிச்சு விடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உடனே ஒரு பையன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். படத்தைக் கழற்ற மாட்டான். காய்ந்த சாண்ட் பேப்பரால் பழைய பெயின்ட்டைத் தேய்ப்பான். தூசி பறக்கும். பக்கத்தில் சின்னத் தங்கச்சி விளையாடிக்கொண்டிருப்பாள்.

பிரேமுக்குப் பெயின்ட் அடிப்பது நல்ல வேலைதான். புதுப் பிரேம் வாங்கும் செலவில் சின்னப் பங்குதான் ஆகும். ஆனால் அவசரப்பட்டுச் செய்தால் இரண்டு நட்டம் வரும். ஒன்று, உள்ளே இருக்கும் படம் கெடலாம். மற்றது, பழைய பெயின்ட் தூசியால் பிள்ளைகளுக்குக் கெடுதி வரலாம். இந்த இரண்டையும் தவிர்த்து வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் சுவரில் தொங்குவது என்ன?

ரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் வைத்துச் சாமிப் படங்களை அச்சடிக்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் ஏழை வீட்டுச் சுவரிலும் லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணத்தில் வந்தார்கள். பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) போன்ற ஓவியர்கள் வரைந்ததைச் சிவகாசியில் அச்சடித்தார்கள். அப்படியான முருகன் படமும் மாரியம்மன் படமும் கடல் தாண்டி நம் லயங்களுக்கும் வந்தன. இன்றும் சில வீடுகளில் தாத்தா காலத்துப் படம் அதே பிரேமில் இருக்கிறது.

அதைவிடப் பெறுமதியானது குடும்பப் போட்டோ. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதற்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன என்பது உங்களுக்கே தெரியும். அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இங்கே. தலைமன்னார்க் கப்பல் ஏறுவதற்கு முன் டவுன் ஸ்டூடியோவில் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். 1984இல் அந்தக் கப்பல் ஓட்டமும் நின்றது. சில வீடுகளில் போனவர்களின் முகத்தைப் பார்க்க அந்த ஒரு படம்தான் இருக்கிறது. வேறு கொப்பி கிடையாது.

பிரேம் உடைந்தால் இன்னொரு பிரேம் செய்யலாம். அந்தப் படத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது.

மட்டக்களப்பில் நான் படித்த பாடம்

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது மட்டக்களப்பு வாவி ஓரத்தில். சுமார் 56 கிலோமீட்டர் நீளமான வாவி அது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்புக் காற்றுக்கு எந்தப் பிரேமும் நிலைக்காது. ஆணி துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும். கண்ணாடியின் ஓரம் கறுக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் பிரேமுக்குப் பெயின்ட் அடிப்பது அழகுக்காக மட்டுமல்ல, மரத்தைக் காப்பாற்றவும்தான்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் திட்டாகக் கிடக்கும் நாவலடிப் பக்கம் வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. என் மாமி வீடு கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்ததால் சுவர்கள் மிஞ்சின. சேற்றுக்குள்ளிருந்து மாமாவின் படம் பிரேமோடு கிடைத்தது. கண்ணாடிகூட உடையவில்லை. மாமா அதற்குப் பல வருடம் முன்பே இறந்துபோனவர். வீட்டில் இருந்தது அந்த ஒரு படம்தான்.

எனக்கு அப்போது இருபத்து சொச்சம் வயது. பிரேமைத் துடைத்துப் புதுப் பெயின்ட் அடித்து மாமிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. வெயிலில் நன்றாகக் காய வைத்தேன். காய்ந்த பிறகு படத்தைக் கண்ணாடியிலிருந்து இழுத்தேன். தாள் மட்டும் கையோடு வந்தது. மாமாவின் முகம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது. சுரண்டப் போக அதுவும் போனது. மாமி என்னை ஏசவில்லை. "என்ன மனே செய்துபோட்டாய்?" என்று மட்டும் கேட்டா. பிரேமுக்கு நான் அடித்த பெயின்ட் நன்றாகத்தான் வந்தது. உள்ளே வைக்கத்தான் படம் இல்லை.

பிறகுதான் காரணத்தை அறிந்தேன். ஸ்டூடியோவில் கழுவிய பழைய போட்டோவின் மேல் ஜெலட்டின் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. உருவம் இருப்பது அந்தப் படலத்துக்குள்தான். ஈரம் பட்டால் அது பசை மாதிரி இளகும். கண்ணாடியோடு சேர்த்துக் காய வைத்தால் அப்படியே ஒட்டிவிடும். ஈரமாக இருந்தபோதே படத்தைக் கண்ணாடியோடு நல்ல குளிர்ந்த தண்ணீரில் வைத்திருந்தால், அது மெல்ல மெல்ல விட்டுக் கொடுத்திருக்கும்.

மலைநாட்டில் சுனாமி இல்லைதானே என்று நினைக்காதீர்கள். இங்கே மூடுபனி இருக்கிறது, ஒழுகும் தகரம் இருக்கிறது, ஊறும் சுவர் இருக்கிறது. வாவிக்கரையில் ஒரு நாளில் நடந்தது இங்கே இருபது வருடத்தில் மெதுவாக நடக்கிறது. உங்கள் வீட்டுப் படத்தைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியோடு ஒட்டிய இடம் ஈரத் திட்டு மாதிரிப் பளபளப்பாகத் தெரியும்.

பழைய பெயின்ட்டில் என்ன ஆபத்து?

பெயின்ட் பளபளப்பாக இருக்கவும், நிறம் நிலைக்கவும், சீக்கிரம் காயவும் அந்தக் காலத்தில் அதில் ஈயம் கலந்தார்கள். இது காரீயம். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் இது கூடுதலாக இருந்தது. நம் நாட்டில் பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று 2011ஆம் ஆண்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை எல்லை விதித்தது. அது 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எந்த எனாமல் பெயின்ட்டையும் ஈயம் உள்ளது என்று நினைத்தே கையாளுங்கள்.

சுவரில் சும்மா இருக்கும் பெயின்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. தூசியானால்தான் ஆபத்து. தூசி தரையில் விழும். தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு போனால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. ஈயம் மூளை வளர்ச்சியைத் தாக்கும். காய்ச்சல் மாதிரி வெளியே தெரியாது. பிள்ளை படிப்பில் பின்தங்கும், கவனம் நிற்காது. நாம் "மந்தமான பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

ஆகவே மூன்று விஷயத்தை மறக்காதீர்கள்.

காய்ந்த சாண்ட் பேப்பரால் தேய்க்கக் கூடாது. எப்போதும் நனைத்தே தேய்க்க வேண்டும்.

பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

உடைந்த பழைய பிரேமை அடுப்பில் வைத்து எரிக்கவே கூடாது. விறகுதானே என்று பலர் எரிக்கிறார்கள். அந்தப் புகையும் சாம்பலும் ஈயத்தைக் காம்பரா முழுக்கப் பரப்பும். அந்தச் சாம்பலால் பாத்திரம் விளக்குபவர்களும் இருக்கிறார்கள்.

வேலையைத் தொடங்குவோம்

தேவையானவை: குறடு, தண்ணீரில் நனைக்கக்கூடிய மெல்லிய சாண்ட் பேப்பர் (220ஆம் இலக்கம்), சவர்க்காரம், பழைய துணி, கொஞ்சம் புட்டி, அண்டர்கோட், எனாமல் பெயின்ட், ஒரு அங்குல பிரஷ், டர்பன்டைன்.

பெரிய பேணி வாங்க வேண்டாம். 12 அங்குலத்துக்கு 10 அங்குலமான ஒரு பிரேமை இரண்டு தரம் அடிக்க 15 மில்லிலீற்றர் அளவு பெயின்ட் போதும். ஆகவே 200 மில்லிலீற்றர் பேணி ஒன்றில் பத்துப் பிரேம்களுக்கு மேல் முடிக்கலாம். நாலு வீடு சேர்ந்து ஒரு பேணி வாங்கினால் ஆளுக்குச் சின்னச் செலவுதான்.

1. முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். பிரேமைத் தொடுவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சம் பளீரென்று அடிக்காத இடத்தில் வைத்து, நேராகப் பிடித்து எடுங்கள். எடுத்ததை உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். என்ன நடந்தாலும் ஒரு கொப்பி இருக்கும்.

2. மெதுவாகக் கழற்றுங்கள். துணி விரித்து அதன் மேல் பிரேமைக் கவிழ்த்து வையுங்கள். ஆணிகளைக் குறட்டால் நேராக இழுத்து, ஒரு மூடியில் போட்டு வையுங்கள். பின்பலகையை எடுத்த பிறகு படத்தின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். இலகுவாக வந்தால் எடுங்கள். ஒட்டியிருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். கண்ணாடியோடு சேர்த்தே எடுத்து வைத்துவிட்டு, பிரேமை மட்டும் பெயின்ட் அடித்துத் திரும்ப அப்படியே போடலாம். காய்ந்து ஒட்டிய படத்தை வீட்டில் யாரும் பிரிக்க முயல வேண்டாம். கலண்டர்ப் படத்தையும், கம்பியூட்டர் பிரின்டரில் எடுத்த படத்தையும் ஒருபோதும் நனைக்கக் கூடாது, படம் கெட்டுவிடும்.

3. பின்பலகையைப் பாருங்கள். பழைய பிரேம்களுக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையைப் பின்னால் அடித்திருப்பார்கள். அதில் உள்பக்கத் தகடு ஒட்டியிருந்தால் பலகையையே மாற்றுங்கள். முந்தின காலத்தில் தேயிலைப் பெட்டிக்குள் ஈயத் தகடுதான் போட்டார்கள், அலுமினியத் தாள் பிறகு வந்தது. புதிதாக ஒரு துண்டு ஹார்ட்போர்ட் வெட்டிக்கொள்ளலாம்.

4. உளு இருக்கிறதா என்று பாருங்கள். ஊசித் துவாரம் மாதிரி ஓட்டைகளும் மா மாதிரித் தூளும் இருந்தால் உளு பிடித்திருக்கிறது. ஊசியால் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் உளு மருந்து தடவிக் காயவிட்டு, ஓட்டையைப் புட்டியால் அடைக்கலாம். ஊசி லேசாக உள்ளே போனால் அந்தப் பிரேமுக்குப் பெயின்ட் வீண். வீட்டுக்குள் வைத்தால் மற்ற மரத்துக்கும் பரவும்.

5. கழுவுங்கள். புகைக்கறைக்கு மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. சவர்க்காரத் தண்ணீரில் துணியைப் பிழிந்து இரண்டு மூன்று முறை துடையுங்கள். பிரேமை ஊறப் போடாதீர்கள், மூலை விட்டுவிடும்.

6. நனைத்துத் தேயுங்கள். வெளியில், காற்றோட்டமான இடத்தில், பழைய பேப்பர் விரித்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள். பழைய பெயின்ட் முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. கெட்டியாக இருப்பதை விட்டுவிட்டு, அதன் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும். உரிந்த இடத்தை மட்டும் சமப்படுத்துங்கள். முடிந்ததும் துணியையும் பேப்பரையும் ஈரத்தோடு சுருட்டிப் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். மரக்கறிப் பாத்தியிலோ பீலித் தண்ணீர்ப் பக்கமோ கொட்டாதீர்கள். கை முகம் கழுவி உடுப்பையும் மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

7. அண்டர்கோட் ஒரு தரம், எனாமல் இரண்டு தரம். பிரஷ்ஷின் நுனியை மட்டும் தோய்த்து மெல்லிசாக அடியுங்கள். ஒரே தரம் தடிப்பாக அடித்தால் வழியும், மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும். ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு நாள் விடுங்கள். மூடுபனி நாளில் இரண்டு நாள் விடுங்கள். மழை நேரத்தில் அடித்தால் பெயின்ட் மங்கிப் போகும். மட்டக்களப்புப் பக்கம் இருக்கும் உறவுகள் கார்த்திகை, மார்கழி மழையில் தொடங்க வேண்டாம்.

8. சாமிப் படத்துக்குத் தங்க நிறம் வேண்டுமா? முதலில் செங்காவி நிறம் அடித்துக் காய விடுங்கள். பிறகு தங்கப் பெயின்ட்டைத் துணியில் மிகக் கொஞ்சமாகத் தொட்டு, பேப்பரில் ஒற்றி எடுத்துவிட்டு, பூவேலைப்பாட்டின் மேடான இடங்களில் மட்டும் தடவுங்கள். பள்ளத்தில் செங்காவி தெரியும். மேல்நாட்டு வேலைக்காரர்கள் தங்க இலை ஒட்டும்போதும் அடியில் சிவப்புக் களிமண்தான் பூசினார்கள். முழுக்கத் தங்கம் அடிப்பதைவிட இதுதான் பார்க்க நிறைவாக இருக்கும்.

9. ஒரு வாரம் காயட்டும். கைக்கு ஒட்டாவிட்டாலும் பெயின்ட்டிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். அது போட்டோவுக்குக் கெடுதி. வாடை முழுவதும் போன பிறகே படத்தை உள்ளே வையுங்கள்.

10. திரும்பப் பொருத்துங்கள். படம் கண்ணாடியில் படாமல் இருக்க, ஓரத்தில் நாலு பக்கமும் மெல்லிய மட்டைத் துண்டு வையுங்கள். படத்துக்குப் பின்னால் வெள்ளைக் கடதாசி வையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், அது மஞ்சளாகிப் படத்தையும் மஞ்சளாக்கும். பசையோ செலோடேப்போ படத்தில் படவே கூடாது.

முகம் பார்க்கும் கண்ணாடி

1835ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு இரசாயனவியலாளர் லீபிக் கண்ணாடியில் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் பாதரசம் சேர்த்துத்தான் செய்தார்கள். நம் வீட்டுக் கண்ணாடியின் பின்னாலும் ஒரு மெல்லிய உலோகப் படலமும் அதன் மேல் ஒரு பெயின்ட் பூச்சும் இருக்கின்றன. ஈரம் ஓரத்தால் புகும்போது அந்தப் படலம் கறுக்கிறது. கறுத்த இடத்தைப் பெயின்ட்டால் வெளுக்க வைக்க முடியாது. ஆனால் மேலும் பரவாமல் தடுக்கலாம். கண்ணாடியைக் கழற்றி நன்றாகக் காய வைத்து, பின்பக்க ஓரம் நாலிலும் அரை அங்குல அகலத்துக்கு எனாமல் தடவுங்கள். பின்பக்கத்தைச் சுரண்டாதீர்கள். துடைக்கும்போது கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாமல் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். உப்புக் காற்றில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

மாட்டும் இடமும் பேணி வைக்கும் இடமும்

பிரேமைச் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். பின்னால் கீழ் மூலை இரண்டிலும் போத்தல் கோர்க்கைச் சின்னதாக வெட்டி ஒட்டினால், சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்றுப் போகும், ஈரம் ஏறாது. அடுப்படிச் சுவரும், வெளிமழை அடிக்கும் சுவரும் படத்துக்கு ஏற்றவை அல்ல. நேர் வெயில் பட்டாலும் நிறம் மங்கும்.

மிச்ச டர்பன்டைனைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தாகத்தில் வரும் பிள்ளை அதைக் குடித்துவிடும். அதன் பேணியிலேயே மூடி, உயரத்தில், அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தூரத்தில் வையுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் வரிசை முழுவதும் போய்விடும்.

கடைசியாக ஒன்று

பிரேமைத் திரும்ப மூடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். படத்தைக் காட்டி, "இது யார், அது யார், எந்த வருஷம், எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு வெள்ளைக் கடதாசியில் பென்சிலால் எழுதி, படத்துக்குப் பின்னால் வையுங்கள். படத்தின் மேலேயே எழுதாதீர்கள். அந்த முகங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. அவர்கள் போன பிறகு பிரேம் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே இருப்பது யாரோ ஒருவருடைய படம்தான்.

இந்தப் பண்டிகைக்குச் சுவரிலிருந்து படத்தை இறக்கும்போது இதை நினைவில் வையுங்கள். முதலில் படம், பிறகு பிள்ளை, அதற்குப் பிறகுதான் பெயின்ட்.